சாவியின் வழித்தடம்: ஒரு லத்தீன் சொல்லை ஏழு மொழிகளில் பின்தொடர்வது எப்படி?

நாம் அன்றாடம் சொல்லும் 'சாவி' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்களுடைய சொல் லத்தீன் 'க்ளாவிஸ்' வழிவந்தது. அதே க்ளாவிஸ் ஸ்பெயினில் 'யாவே', இத்தாலியில் 'கியாவே', பிரான்சில் 'க்ளே', கத்தலோனியாவில் 'க்ளாவ்', ருமேனியாவில் 'கேயே' என்று வழங்குகிறது. காதால் கேட்டால் இவை ஒரே குடும்பம் என்று நம்பத் தோன்றாது. ஆனால் ஒவ்வொன்றும் இப்படித்தான் ஆகியிருக்க முடியும் என்று காட்டலாம். லத்தீன் வழிவந்த மொழிகளில் ஏதாவது ஒன்றைக் கற்பவர்களும் சொற்பிறப்பில் ஆர்வம் உள்ளவர்களும் இந்த முறையை ஒருமுறை கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டால், மற்ற சொற்களையும் தாங்களே பின்தொடரலாம்.

முறை இதுதான்: முதலில் ஒலியைப் பாருங்கள், பொருளை அப்புறம் பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பொருள் மனம்போன போக்கில் அலையும். ஒலி மாற்றத்துக்கோ ஒழுங்கு உண்டு.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. கீழே 'ச்ச' என்று எழுதினால் 'பச்சை'யில் வரும் ஒலி. 'ஷ' என்றால் 'விஷயம்' என்பதில் வரும் ஒலி. இந்த வேறுபாடு நம் சாவியின் கதைக்கு மிக முக்கியம்.

படி 1: அகராதி வடிவத்தை விட்டுவிட்டு இரண்டாம் வேற்றுமையை எடுங்கள்

லத்தீனிலும் தமிழைப் போல வேற்றுமைகள் உண்டு. அகராதியில் இருப்பது எழுவாய் வடிவமான 'க்ளாவிஸ்'. ஆனால் லத்தீன் வழிவந்த மகள் மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து பிறந்தவை. 'சாவியை' என்பதற்கு லத்தீனில் 'க்ளாவெம்'.

இது வெறும் ஊகமா என்று கேட்பவர்களுக்கு 'பாலம்' என்ற சொல் நல்ல சாட்சி. லத்தீனில் எழுவாய் 'பொன்ஸ்', இரண்டாம் வேற்றுமை 'பொன்தெம்'. இத்தாலியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'பொன்தே', ஸ்பானியத்தில் 'புவென்தே', ருமேனியத்தில் 'புன்தே'. எல்லாவற்றிலும் 'த' இருக்கிறது. எழுவாய் வடிவத்தில் அது இல்லவே இல்லை. பிரெஞ்சிலும் எழுத்தில் அந்தத் 'த' நிற்கிறது, உச்சரிப்பில் மட்டும் போய்விட்டது.

கடைசி 'ம்' பேச்சு லத்தீனில் வெகு காலம் முன்பே தேய்ந்துவிட்டது. ஆக நம் பயணம் தொடங்கும் வடிவம் 'க்ளாவே'.

படி 2: சொல்லின் தொடக்கக் கூட்டொலியைப் பிடியுங்கள்

'க்ள' என்ற தொடக்கம்தான் இந்தச் சொல்லின் உயிர்நாடி. மகள் மொழிகள் பிரிந்து போனது இந்த இடத்தில்தான்.

பிரெஞ்சும் கத்தலானும் அதை அப்படியே வைத்துக்கொண்டன. இத்தாலியத்தில் 'ள' கரைந்து 'ய' ஆனது: க்ளாவே, கியாவே. ருமேனியமும் அதே வழியில் சென்று 'கே' என்று தொடங்குகிறது. ஸ்பானியத்தில் 'க' முழுக்க விழுந்து, எஞ்சிய 'ள' நாக்கின் நடுப்பகுதியில் ஒட்டி 'ல்யாவே' ஆனது. இன்று பெரும்பாலான இடங்களில் அது 'யாவே'. போர்த்துக்கீசியமும், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் அதன் உடன்பிறப்பான கலீசியமும் இன்னும் ஒரு படி போய் 'ச்சாவே' என்றன.

இது ஒரு சொல்லின் தனி விபத்தா, விதியா? இன்னொரு சொல்லை வைத்துச் சோதிக்க வேண்டும். 'கூப்பிடு' என்பதற்கு லத்தீனில் 'க்ளாமாரே'. அது இத்தாலியத்தில் 'கியமாரே', ஸ்பானியத்தில் 'யமார்', போர்த்துக்கீசியத்தில் 'ஷமார்' (பழைய 'ச்ச' அங்கே பின்னாளில் 'ஷ' ஆனது), ருமேனியத்தில் 'கெமா'. வரிசை அப்படியே பொருந்துகிறது.

பின்னால் 'ள' வரும் மற்றக் கூட்டொலிகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தீச்சுடருக்கு லத்தீனில் 'ஃப்ளாம்மா': இத்தாலியத்தில் 'ஃபியாம்மா', ஸ்பானியத்தில் 'யாமா', போர்த்துக்கீசியத்தில் 'ஷாமா'. மழைக்கு 'ப்ளுவியா': இத்தாலியத்தில் 'பியோஜ்ஜா', ஸ்பானியத்தில் 'யூவியா', போர்த்துக்கீசியத்தில் 'ஷூவா'. ருமேனியம் மட்டும் இங்கே பிரிகிறது. 'க்ள'வை மாற்றிய அந்த மொழி 'ப்ள'வைத் தொடவில்லை. அங்கே மழை 'ப்ளுவாயே'. ஒரு மொழியின் விதியை இன்னொன்றின் மேல் ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

போர்த்துக்கீசியத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று லிஸ்பனில் சாவியை 'ஷாவ்' என்பார்கள், பிரேசிலில் 'ஷாவி'. ஆனால் வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியபோது அவர்கள் வாயில் இருந்தது 'ச்ச' ஒலி. அது 'ஷ' ஆனது பிற்காலத்தில். போர்ச்சுகலின் வடபகுதிப் பேச்சில் பழைய ஒலி இன்னும் கேட்கிறது. கலீசியர்கள் இன்றும் 'ச்சாவே' என்றே சொல்கிறார்கள். அதனால்தான் இந்தி 'சாபி', வங்காள 'சாபி' எல்லாம் 'ச்ச' என்று அழுத்தித் தொடங்குகின்றன. நம் 'சாவி'யும் அதே காலத்துச் சரக்கு. போர்ச்சுகலின் தலைநகரமே கைவிட்ட ஓர் ஒலியை இந்திய மொழிகள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக ஒரு தற்செயலும் உண்டு. பியூனஸ் அயர்ஸ் நகரத்து ஸ்பானியத்தில் 'ய' ஒலி 'ஷ' ஆகிவிட்டதால் அங்கே சாவி 'ஷாவே'. லிஸ்பன் சொல்லுக்கு மிக அருகில் வந்துவிட்டது. ஆனால் வந்த வழி முற்றிலும் வேறு. ஒலி ஒத்திருப்பதை மட்டும் பார்த்து உறவைக் கணக்கிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

படி 3: நடுவில் உள்ள 'வ' என்ன ஆனது?

இத்தாலியம், போர்த்துக்கீசியம், ஸ்பானியம் மூன்றிலும் அது நின்றது. ஸ்பானியத்தில் எழுத்து 'வ' என்றாலும் உதடுகள் முழுதாகச் சேராத மெல்லிய 'ப' போல ஒலிக்கும். கத்தலானில் கடைசி உயிர் விழுந்து 'வ' உயிரோடு கலந்து 'க்ளாவ்' என்று முடிகிறது.

ருமேனியத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே சிக்கிய 'வ' காணாமலே போய்விட்டது. செம்மறியாட்டுக்கு லத்தீனில் 'ஓவெம்'. ருமேனியத்தில் 'ஒவாயே' என்று எழுதினாலும் அதில் வருவது 'ஒ'வும் 'ஆ'வும் கலந்த ஈருயிர்தான், பழைய 'வ' இல்லை. 'கேயே'வும் அப்படியே.

பிரெஞ்சுதான் சுவையானது. அங்கே கடைசி உயிர் விழுந்ததும் 'வ' சொல்லின் கடைசிக்கு வந்து 'ஃப்' ஆக இறுகியது. அழுத்தம் பெற்ற 'ஆ' இதே காலத்தில் 'ஏ' ஆனது. கடலுக்கு லத்தீனில் 'மாரே', பிரெஞ்சில் 'மேர்' என்பதைப் போல. ஆக பழைய பிரெஞ்சில் சாவி 'க்ளேஃப்'. கப்பலுக்கான 'நாவெம்' அதே வழியில் 'நேஃப்' ஆனது.

அப்படியானால் இன்று 'க்ளே' என்று மட்டும் ஏன் சொல்கிறார்கள்? பன்மையில் 'ஃப்' விழுந்துவிடும். முட்டைக்கான பிரெஞ்சுச் சொல்லில் இன்றும் இதைக் கேட்கலாம்: ஒருமையில் 'ஃப்' ஒலிக்கும், பன்மையில் ஒலிக்காது. சாவிகள் கொத்தாகவே புழங்குபவை, பன்மை அதிகம் வாயில் வரும். அந்தப் பன்மை உச்சரிப்பு ஒருமைக்கும் தொற்றிவிட்டது. எழுத்தில் மட்டும் 'ஃப்' உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வடிவங்கள் இன்றும் செல்லும். இரண்டையும் 'க்ளே' என்றே படிக்க வேண்டும்.

சார்டீனியத் தீவில் 'க்ராயே' என்கிறார்கள், வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி மொழியில் 'க்ளாஃப்'.

படி 4: ஒலி சொல்லின் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

தொடக்கத்தில் இருக்கும் 'க்ள' வேறு, நடுவில் இருக்கும் 'க்ள' வேறு. கண்ணுக்கு லத்தீனில் 'ஓகுலும்', பேச்சில் 'ஓக்லு'. இது இத்தாலியத்தில் 'ஓக்கியோ', ருமேனியத்தில் 'ஓக்கி', போர்த்துக்கீசியத்தில் 'ஓல்யு', ஸ்பானியத்தில் 'ஓஹோ'. ஸ்பானியத்தில் இங்கே தொண்டையிலிருந்து வரும் 'ஹ' கிடைக்கிறது, 'ய' இல்லை.

இதை நம் சொல்லின் குடும்பத்திலேயே பொருத்திப் பார்க்கலாம். க்ளாவிஸின் சிறுமை வடிவம் 'க்ளாவிகுலா', அதாவது குட்டிச் சாவி. அதில் முன்னால் ஒரு 'க்ள', பின்னால் ஒரு 'க்ல'. ஸ்பானியத்தில் 'க்ளாவீஹா': ஆணி, முளை, மின்செருகி. பின்பகுதி விதிப்படி 'ஹ' ஆகியிருக்கிறது. பிரெஞ்சில் ஒரே சொல்லில் இரண்டு 'ல' வருவது நாக்குக்குத் தடையாகி முன்னாலிருந்தது விழுந்தது, எஞ்சியது 'ஷெவீயு'. முதலில் மர முளை என்று பொருள், பின்பு முளைபோலத் துருத்தி நிற்கும் கணுக்கால் எலும்பு, இன்று கணுக்காலேதான்.

இத்தாலியத்திலும் கணுக்கால் 'கவீல்யா'. கொஞ்சம் நில்லுங்கள். கண்ணுக்கு 'ஓக்கியோ' என்றால் இங்கே 'கவீக்கியா' என்றுதானே வந்திருக்க வேண்டும்? 'ல்யா' எப்படி வந்தது? இது இத்தாலிய மண்ணில் விளைந்தது இல்லை, தெற்குப் பிரான்சின் புரோவென்சால் மொழியிலிருந்து வாங்கியது. உள்ளூர் விதிக்குக் கட்டுப்பட்ட 'கவீக்கியோ'வும் தனியாக இருக்கிறது, அது மர முளை. விதி மீறுகிற இடத்தைக் கண்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். சொல் எந்த ஊர் வழியாக வந்தது என்பதை அந்த மீறல்தான் சொல்லும்.

படி 5: ஏட்டு வழி வந்தவற்றைப் பிரித்தெடுங்கள்

ஸ்பானியத்தில் 'யாவே' மட்டுமில்லை, 'க்ளாவே' என்றும் ஒரு சொல் உண்டு. இரண்டும் க்ளாவிஸ்தான். யாவே மக்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து வந்தது. க்ளாவே பின்னாளில் படித்தவர்கள் லத்தீன் ஏடுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. கதவைத் திறக்க யாவே. கடவுச்சொல், மறைகுறி, இசைக்குறியீட்டின் தொடக்க அடையாளம், ஒரு சிக்கலின் விடை இவற்றுக்கெல்லாம் க்ளாவே. இரும்பு ஒன்றுக்கு, கருத்து இன்னொன்றுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டன.

போர்த்துக்கீசியத்தில் மூன்று அடுக்குகள் தெரியும். மிகப் பழைய அடுக்கில் 'ஷ' (முன்பு 'ச்ச'): ஷாவி. நடு அடுக்கில் 'ள' இருந்த இடத்தில் 'ர': க்ளாவிஸின் உறவான 'க்ளாவுஸ்' (ஆணி) அங்கே 'க்ராவு' ஆனது. ஆணி, ஆணி வடிவிலுள்ள கிராம்பு, கார்னேஷன் பூ மூன்றுக்கும் அதுவே பெயர். 1974 ஏப்ரல் 25இல் லிஸ்பன் வீரர்களின் துப்பாக்கி முனையில் செருகப்பட்டு ஒரு புரட்சிக்கே பெயர் தந்த பூ அதுதான். மூன்றாவது, ஏட்டு அடுக்கு: இசைக்குறிக்கான 'க்ளாவி'. தொடக்க ஒலியை வைத்தே சொல் ஏறத்தாழ எந்தக் காலத்தில் உள்ளே வந்தது என்று மதிப்பிடலாம்.

திருச்சபை லத்தீன் இந்த ஏட்டு வழியை அகலமாகத் திறந்து வைத்தது. பேதுருவிடம் தரப்பட்ட திறவுகோல்களுக்கு லத்தீன் வேதாகமத்தில் இதே சொல்தான். வாடிகன் கொடியில் இரண்டு சாவிகள் குறுக்கிட்டு நிற்பது அதனால்தான். திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் 'கான்க்ளேவ்' என்ற சொல்லும் இங்கிருந்து வந்ததே: சாவியால் பூட்டக்கூடிய அறை. 1268இல் திருத்தந்தை நான்காம் கிளமெண்ட் இறந்த பிறகு கர்தினால்கள் வித்தெர்போ நகரில் கூடி ஏறத்தாழ 3 ஆண்டுகள் முடிவெடுக்காமல் இழுத்தார்கள். ஊரார் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். 1271இல் ஒருவழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் கிரகோரி, 1274இல் லியோன் பொதுச்சங்கத்தில் இப்படிப் பூட்டி வைப்பதையே சட்டமாக்கினார்.

படி 6: இப்போது பொருளுக்கு வாருங்கள்

பொருளைத் தேடும்போது 'சாவி' என்று ஒரே மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்தச் சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொரு துறையாகப் பாருங்கள்.

பட்டறையில் தொடங்கலாம். நாம் ஸ்பேனர் என்று சொல்லும் கருவி இந்த மொழிகள் எல்லாவற்றிலும் சாவிதான். திருகித் திறப்பதும் இறுக்குவதும் சாவியின் வேலை போலத்தானே. வாயை அகட்டிக் குறுக்கும் ஸ்பேனருக்கு ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துக்கீசியம் மூன்றிலும் 'இங்கிலீஷ் சாவி' என்று பெயர். ருமேனியர்களுக்கு அது 'பிரெஞ்சுச் சாவி'. கருவி எந்தத் திசையிலிருந்து வந்ததாக மக்கள் நினைத்தார்களோ அந்த நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. போர்த்துக்கீசியத்தில் ஸ்க்ரூ டிரைவரும் சாவிதான், 'பிளவுச் சாவி' என்பார்கள். மற்ற மொழிகளில் அதற்கு வேறு சொற்கள் உண்டு.

தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ உள்ளிட்ட பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'யாவே' என்றால் குழாயும்தான். ஸ்பெயினில் அதற்கு 'க்ரீஃபோ'. மெக்சிகோ வீட்டில் யாராவது யாவேயை மூடச் சொன்னால் கதவுப் பக்கம் ஓடாதீர்கள்.

மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் எதிராளியின் கையை முறுக்கிப் பூட்டும் பிடிக்கு ஸ்பானியம், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு மூன்றிலும் சாவி என்றே பெயர். தமிழில் நாம் அதைப் 'பூட்டு' என்போம். அவர்கள் சாவி என்கிறார்கள். கணினிக்கு வந்தால், நெளிந்த அடைப்புக்குறி ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'சாவிகள்'. நிரல் எழுதுபவர்களுக்கு இது தினமும் தேவைப்படும் சொல். பென் டிரைவ் பிரெஞ்சில் 'யூஎஸ்பி சாவி', இத்தாலியத்தில் 'குட்டிச் சாவி'.

கட்டடக் கலையில் வளைவின் உச்சியில் கடைசியாகச் செருகும் ஆப்புக்கல்லுக்குப் பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் மூன்றும் 'வளைவின் சாவி' என்கின்றன. அந்தக் கல் உட்கார்ந்தால்தான் வளைவு இறுகி நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ருமேனியப் பொருள். அங்கே 'கேயே'யின் பன்மையான 'கேய்' என்றால் ஆறு அறுத்துச் சென்ற இடுக்கமான மலைப்பள்ளத்தாக்கும் ஆகும். துர்தா நகருக்கு அருகிலுள்ள துர்தா பள்ளத்தாக்கு, கிழக்குக் கார்பாத்தியனின் பிகாஸ் பள்ளத்தாக்கு இரண்டும் வரைபடத்தில் 'சாவிகள்' என்ற பெயரோடுதான் இருக்கின்றன. மலையைக் கடக்க வழிவிடும் இடம் என்று வைத்துப் பார்த்தால் பெயர் கச்சிதமாக உட்காருகிறது.

இசையில் இந்தச் சொல் இரண்டு தடங்களில் ஓடியது. ஒன்று, வரிகளின் தொடக்கத்தில் எந்தச் சுரம் எங்கே என்று காட்டும் குறி. இன்னொன்று, பழைய ஆர்கன் கருவியின் அழுத்துகட்டைகள். லத்தீனில் அவற்றையும் க்ளாவிஸ் என்றார்கள். பிரெஞ்சில் விசைப்பலகை 'க்ளவியே' ஆனதும், அங்கிருந்து ஜெர்மன் மொழி பியானோவைக் 'க்ளாவியர்' என்று அழைப்பதும் அதன் தொடர்ச்சி.

தமிழும் சும்மா இருக்கவில்லை. கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் 'சாவி கொடுக்கிறோம்'. ஸ்பானியத்தில் அந்த வேலையைச் சாவியிடம் தரவில்லை, 'கயிறு கொடு' என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலோ சாவியே 'திறப்பு'. தமிழ் வேதாகமம் 'திறவுகோல்' என்றது.

படி 7: போலி உறவுகளைக் கழியுங்கள்

கத்தலானில் 'க்ளாவ்' என்பது சாவியும்தான், ஆணியும்தான். பெண்பாலில் வந்தால் சாவி (க்ளாவெம்), ஆண்பாலில் வந்தால் ஆணி (க்ளாவும்). லத்தீனில் தனித்தனியாக இருந்த இரண்டு சொற்கள் தேய்ந்து ஒன்றுபோல ஆகிவிட்டன, பால் மட்டும் காட்டிக் கொடுக்கிறது. நாம் பார்த்த எல்லா மொழிகளிலும் சாவி பெண்பால்தான், லத்தீனில் இருந்தது போலவே. ஆகவே பாலையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியம் கற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'கியாவே' இருக்கிறதே என்று நீங்களாக 'கியவாரே' என்று வினைச்சொல் உண்டாக்கிவிடாதீர்கள். அது ஆணியிலிருந்து வந்த வேறு சொல், இன்று பொது இடத்தில் சொல்லத் தகாதது. பூட்டுவதற்கு 'சாவியால் மூடு' என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழிலும் போலி உண்டு. 'பயிர் சாவியாகிவிட்டது' என்று உழவர்கள் சொல்லும் சாவி, மணி பிடிக்காமல் கருகிய கதிர். அதற்கும் லத்தீனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

படி 8: நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்

கைக்கு எட்டிய சொல் 'மேசை'. இதுவும் போர்த்துக்கீசியம் தந்தது, மூலம் லத்தீன் 'மென்சா'. முதலில் ஒலி: பேச்சு லத்தீனில் 'ச'வுக்கு முன் நின்ற 'ன்' விழுந்துவிடும். மாதத்துக்கான 'மென்செம்' ஸ்பானியத்தில் 'மெஸ்', இத்தாலியத்தில் 'மேசே' ஆனதைப் பாருங்கள். அதே விதிப்படி போர்த்துக்கீசியத்திலும் ஸ்பானியத்திலும் 'மேசா', ருமேனியத்தில் 'மாச'. எங்கும் 'ன்' இல்லை, நம் மேசையிலும் இல்லை.

ஆனால் இத்தாலியத்தில் 'மென்சா' என்று ஒரு சொல் இருக்கிறது, 'ன்' முழுசாக நிற்கிறது. விதி மீறிவிட்டது. ஐந்தாம் படியை நினைவில் கொண்டு பாருங்கள்: இது வாய்வழி வந்ததா, ஏட்டு வழி வந்ததா? ஏட்டு வழிதான். இன்று அதற்குப் பொருள் மாணவர்களும் தொழிலாளர்களும் சாப்பிடும் உணவுக்கூடம். அன்றாட மேசைக்கு இத்தாலியர்கள் 'தாவோலோ' என்கிறார்கள், பலகைக்கான லத்தீன் 'தாபுலா'வின் வழி வந்தது. பிரெஞ்சின் 'தாப்ள்' எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மேசைக்கு அடுத்து பேனாவையும் ஜன்னலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்கு லத்தீனில் இறகு என்ற பொருளில் 'பென்னா'. இரண்டாவதைத் தேடிப் போனால் கதவைக் குறிக்கும் 'யானுவா' என்ற சொல்லில் போய் நிற்பீர்கள்.